சாப்பாட்டுக் கணக்கில் வராதது

சட்டப்படி பார்த்தால் நம் வீட்டு நாய் சாப்பிடுவது உணவே அல்ல. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், உணவு எது என்று வரையறுக்கிற இடத்திலேயே விலங்குத் தீவனத்தை வெளியே நிறுத்திவிடுகிறது. உயிருள்ள விலங்குகளும் அதில் சேராது, மனிதர் உண்பதற்கென்று சந்தைக்குத் தயாரானவை நீங்கலாக. அதாவது, விலங்கு நமக்கு உணவாகிறபோது சட்டத்தின் கண்ணில் படுகிறது. அது உண்கிறபோது படுவதில்லை. இதற்காகக் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பஞ்சுமிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருக்கிறதென்று தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது 2024 பிப்ரவரியில்தான். அதற்கு முன்னால் எத்தனை திருவிழாக்கள் அந்த ரோஸ் நிறத்தில் கழிந்தன என்று யாருக்குத் தெரியும்? குழந்தையின் மிட்டாய்க்கே முறை இவ்வளவு தாமதமாக வந்தால், நாயின் பிஸ்கட்டுக்கு எப்போது வரும்?

ஆகவே நாய்க்கு ட்ரீட் வாங்கப் போகிறவர் அண்ணா நகரிலோ வேளச்சேரியிலோ ஒரு பெட் ஷாப் அலமாரிக்கு முன்னால் கடைக்காரரை நம்பி நிற்கிறார். "இது ஹெல்தி சார், என் நாய்க்கே இதைத்தான் போடறேன்" என்கிறார் கடைக்காரர். அலமாரியில் சிக்கன் ஜெர்க்கி, பல்லைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் பச்சைக் குச்சி, முடிச்சுப் போட்ட எருமைத்தோல், வெள்ளை வெளேரென்ற பால் எலும்பு. உறைகளின் மேல் உள்ளதைப் படித்தால் நாய்க்கடை என்றே தோன்றாது. சர்க்கரை சேர்க்காதது, குளூட்டன் இல்லாதது, தானியம் இல்லாதது, மஞ்சள் கலந்தது, முருங்கை கலந்தது. நடுத்தர வயதுக்காரர்கள் பக்கத்துக் கடையில் தங்களுக்காகத் தேடிப் படிக்கிற அதே வாசகங்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துப் பயந்து நாம் நமக்கு விதித்துக்கொண்ட விரதங்களை நாயும் அனுஷ்டிக்கத் தொடங்கியிருக்கிறது.

தானியம் இல்லாதது என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான ஏஎம்ஒய்2பி மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகள்தான். நாய்களிடம் அது பல மடங்கு பெருகியிருக்கிறது என்று 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நாம் விளைத்துச் சமைத்து மிச்சம் வைத்ததைத் தின்றுதான் நாய் மாவுச்சத்துக்குப் பழகியது. அந்த நாய்க்கு இப்போது ஓநாய்ப் படம் போட்ட உறையில், அரிசியும் கோதுமையும் தீண்டாத பண்டம் வருகிறது. தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த தீவனங்களுக்கும் நாய்களின் இதயத்தசை நோய் ஒன்றுக்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியது. உறுதியான விடை கிடைக்கவில்லை. சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்த்த தென்மாவட்டத்துக்காரர்கள் அவற்றுக்குக் கம்மங்கூழும் கேப்பைக் கூழும் ஊற்றித்தான் முயல் விரட்டினார்கள். அவர்களிடம் இந்த உறையைப் படித்துக் காட்டும் துணிச்சல் எனக்கு இல்லை.

நாய்க்கென்று தனியாக ஒன்றைச் செய்து அதன் எஜமானனுக்கு விற்கலாம் என்ற யோசனைக்கு வயது நூற்றறுபதுக்கு மேல். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்க லண்டனுக்குப் போனார் என்றும், துறைமுகத்தில் கப்பல்காரர்கள் எறிந்த காய்ந்த பிஸ்கட்டை நாய்கள் அடித்துப்பிடித்துத் தின்பதைக் கண்டார் என்றும் கதை. இடிதாங்கி என்ன ஆயிற்றோ, 1860களில் அவர் மாவும் காய்கறியும் இறைச்சியும் சேர்த்த நாய் கேக்கை விற்கத் தொடங்கியிருந்தார். வாங்கியவர்கள் வேட்டைநாய் வைத்திருந்த கனவான்கள். அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் க்ரஃப்ட் என்பவர்தான் 1891இல் லண்டனில் தன் பெயரால் நாய்க் கண்காட்சி ஒன்றைத் தொடங்கினார். இன்றுவரை உலகின் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சி அதுதான். பிஸ்கட் விற்றவரே எந்த நாய் உயர்ந்தது என்று சொல்லும் மேடையையும் போட்டார். 1908இல் நியூயார்க்கில் ஒரு பிஸ்கட் கம்பெனி, பால் சேர்த்த மாவை எலும்பு வடிவத்தில் சுட்டது. முகர்ந்து முடிவெடுக்கிற பிராணிக்கு வடிவம் ஒரு பொருட்டில்லை. எலும்பாகத் தெரிய வேண்டியது காசு கொடுக்கிறவர் கண்ணுக்கு.

நம் ஊரில் இந்த வேலையைப் பொறை செய்தது. டீக்கடைக் கண்ணாடி ஜாடியிலிருந்து இரண்டு பொறை வாங்கினால் ஒன்று டீயில் நனைக்க, மற்றொன்று காலடியில் காத்திருக்கிற தெருநாய்க்கு. இப்போது காலை நடைக்குப் போகிறவர்கள் குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே நடக்கிறார்கள். தெருநாய்க்குக் கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது, வார்டுதோறும் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று உத்தரவிட்டது. வைக்கிற இடம் நீதிமன்றம் வரை போய்விட்டது. வைக்கிற பண்டத்தைப் பற்றி இதுவரை யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடை அலமாரியைவிட நம் அடுக்களையில்தான் ஆபத்து அதிகம். இதை எந்த வீட்டில் சொன்னாலும் முகம் சுருங்கும். வீட்டுச் சாப்பாடு என்பது நமக்கு ஆரோக்கியத்தின் மறுபெயர். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடி செய்தாலும் அந்தக் குணம் போகாது. ஒரு துண்டு வெங்காயம் தின்று நாய் விழுந்துவிடாது என்பது உண்மைதான். குழம்புச் சோறு நாள் தவறாமல் விழுகிறபோது ஈறு வெளுத்து, நடக்கச் சோம்பி, ஒருநாள் படுத்துக்கொள்கிற நாயைப் பார்த்து "வெயில் ஒத்துக்கலை" என்போம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியின் கோழி எலும்பும் அன்போடு போடப்படுவதுதான். வெந்த எலும்பு கூராகச் சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். ஆட்டுக்கொழுப்பும் எண்ணெய்ப் பலகாரமும் ஒரேயடியாக உள்ளே போனால் கணையம் வீங்கும். தீபாவளிக்கு மறுநாள் நாய் வாந்தியெடுத்தால் வெடிச்சத்தத்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட முடியாது.

புளியின் கதை இன்னும் புதியது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் கவனத்துக்கு வந்தது. ஏன் என்று மட்டும் இருபது ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. ஒரு நாய் கிலோக்கணக்கில் தின்றுவிட்டு வாலாட்டும், இன்னொன்று நாலு பழத்தில் சுருண்டுவிடும். பிறகு, குழந்தைகள் விளையாட வீட்டில் பிசைந்த களிமாவைத் தின்ற நாயிடம் அதே அறிகுறிகள் வந்தன. அந்த மாவில் திராட்சை இல்லை. டார்டாரிக் அமிலத்தின் உப்பு இருந்தது. திராட்சையின் விஷம் அந்த அமிலம்தானோ என்று அங்குள்ள விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மைய மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். 2022இல் வந்த அடுத்த கட்டுரையில், டார்டாரிக் அமிலம் நிறைந்த மற்றொரு பொருளைத் தின்று சிறுநீரகம் கெட்ட நாயின் கதையும் சேர்ந்தது. அந்தப் பொருள் புளி.

இதைக் கேட்டால் நம்மவர்கள் சிரிப்பார்கள். "எங்க நாய் ரசஞ்சோறு தின்னுதான் பதினாலு வருஷம் இருந்துச்சு." இருந்திருக்கலாம். ரசத்தில் புளி நீர்த்துப்போயிருக்கும், அளவும் குறைவு. எல்லா நாய்க்கும் ஒரே விதமாக அது வேலை செய்வதாகவும் தெரியவில்லை. ஆனால் பதினாலு வருஷம் இருந்த நாயைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நாலு வயசில் "என்னமோ சீக்கு வந்து" போன நாய்க்கு யாரும் கிரியாட்டினின் பார்த்ததில்லை. புளியோதரைக் கட்டியையோ புளிமிட்டாயையோ ட்ரீட்டாக நீட்டுகிற கை கொஞ்சம் யோசிக்கலாம் என்பதற்கு மேல் நான் இதில் அடம்பிடிக்கப் போவதில்லை.

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் வேறொரு கண்ணி உண்டு. நமக்கு நல்லதென்று எழுதியிருப்பது நாய்க்கு நஞ்சாகிற இடம் அது. சர்க்கரையில்லாத சூயிங்கத்திலும் சில இனிப்புகளிலும் சேர்க்கிற சைலிட்டால் மனித உடம்பில் இன்சுலினைப் பெரிதாகச் சீண்டுவதில்லை. நாயின் கணையமோ அதைக் கண்டதும் இன்சுலினைக் கொட்டிவிடுகிறது; ரத்தச் சர்க்கரை ஒரு மணி நேரத்துக்குள் சரிந்துவிடலாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போதும். ஐந்து கிலோ பொமரேனியனுக்கு அரை கிராம், சில வகைகளில் ஓரிரு சூயிங்கத்திலேயே இருக்கிற அளவு. ‘ஷுகர் ஃப்ரீ’ என்ற எழுத்தைப் பார்த்து நிம்மதியடைய நமக்குப் பழகியிருக்கிறது. நாய் வளர்ப்பவர் அங்கேதான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது.

சாக்லேட் ஆகாது என்பது இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். அதிலுள்ள தியோப்ரோமினை நாயின் உடம்பு மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். பாதி குறையவே பதினேழு மணி நேரத்துக்கு மேல். அதே ஐந்து கிலோ நாய்க்குச் சுமார் 20 கிராம் டார்க் சாக்லேட்டிலேயே தொல்லை தொடங்கலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைகள் சிலவற்றில், கருணைக்கொலை செய்யும் அறையில் ஒரு ஜாடி நிறைய சாக்லேட் வைத்திருப்பார்கள். சாக்லேட்டின் ருசி தெரியாமல் எந்த நாயும் சொர்க்கம் போகக் கூடாது என்று அதன்மேல் எழுதியிருக்கும். ஊசி போடுவதற்கு முன் உரிமையாளர் ஒன்றைப் பிரித்துக் கொடுப்பார். இதைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் நாய் ஒருநாளும் கேட்டிராத பண்டம் அது. சாக்லேட் கிடைக்காமல் போவதை ஒரு குறையாக நினைத்தது யார் என்ற கேள்வி அந்த ஜாடியைப் பற்றிப் படித்ததிலிருந்து விடாமல் வருகிறது.

கடைப் பண்டத்துக்கு வருவோம். 2007இலிருந்து 2015 முடியும்வரை ஜெர்க்கி ட்ரீட்டுகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு ஏறக்குறைய 5,200 புகார்கள் வந்தன. நோயுற்றதாகச் சொல்லப்பட்ட நாய்கள் 6,200க்கு மேல், இறந்தவை 1,140க்கு மேல். கோழி, வாத்து, சர்க்கரைவள்ளி எனப் பலவகை உலர்துண்டுகள். பெரும்பாலானவை சீனாவிலிருந்து வந்தவை. ஆண்டுக்கணக்கில் சோதித்தும் ஒற்றைக் காரணத்தை அவர்களால் அறுதியிட முடியவில்லை. உலர்ந்த கோழிக்கறியைப் போல எளிமையான பண்டம் வேறில்லை. உறையின் பின்பக்கத்தில் இருந்ததும் அநேகமாக ஒரே ஒரு பெயர்தான். பின்பக்கத்தைப் படிப்பது நல்ல பழக்கம். அதற்கும் ஓர் எல்லை உண்டு என்று அந்த நாய்கள் காட்டிவிட்டுப் போயின.

2007ஆம் ஆண்டில் இதைவிடப் பெரிய சாவு ஒன்று நடந்தது. நாய், பூனைத் தீவனத்தில் சேர்த்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. மெலமைனில் நைட்ரஜன் அதிகம். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடுகிற சோதனையை அது ஏமாற்றிவிடும். கூடவே இருந்த சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து அது சிறுநீரகத்தில் படிகமாக உறைந்தது. அந்த மார்ச்சில் கோடிக்கணக்கான டப்பாக்களும் பொட்டலங்களும் திரும்பப் பெறப்பட்டன. செல்லப் பிராணிகளின் விவகாரம் என்று உலகம் அதை மறந்தது. அடுத்த ஆண்டு சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் அதே மெலமைன். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு பேர் இறந்தார்கள். நாய்த்தீனியை உணவாகக் கருதாத சட்டங்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அந்த ஓராண்டு இடைவெளிதான் நினைவுக்கு வரும்.

முடிச்சுப் போட்ட எருமைத்தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் பதனிடுகிற இடத்தில் சுண்ணாம்பிலும் சோடியம் சல்ஃபைடிலும் ஊறி முடி நீங்கிய தோலை இரண்டாக வகிர்வார்கள். மேல் அடுக்கு செருப்புக்கும் பைக்கும் போகும். உள் அடுக்கைக் கழுவி, வெளுத்து, முறுக்கி, காயவைத்தால் நாய் மெல்லும் எலும்பு. நாய் அதை நாள் முழுக்கக் கடிக்கும், பல் கொஞ்சம் சுத்தமாகும். பெரிய துண்டாக விழுங்கிவிட்டால் வயிற்றில் ஊறிப் பெருத்துக் குடலை அடைக்கும். இதன் வேறொரு பக்கம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாட்டுக்கறி சமைக்கிறவர்களுக்கு வீடு வாடகைக்கு விடாத அடுக்ககங்களில், நடுக்கூடத்துக் கம்பளத்தின் மேல் நாய் அந்தத் தோலை மென்றுகொண்டிருக்கிறது. அந்தத் தோலை உரித்தவர், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர் யாரும் அந்தக் கூடம்வரை வந்திருக்க மாட்டார். உறையில் ‘நேச்சுரல் ச்யூ’ என்று இருப்பதால் கேள்வி எழுவதில்லை. தெரிந்தே வாங்குகிறவர்களும் உண்டு. நாய்க்குச் சாதியில்லை என்பது அவர்கள் பதில். அது சரியான பதில்தான்.

தோல் வேண்டாம் என்பவர்களுக்கு இமயமலைச் சீஸ் இருக்கிறது. நேபாளத்திலும் டார்ஜிலிங் பக்கத்து மலைகளிலும் மேய்ச்சல்காரர்கள் வாயில் ஒதுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் சவைக்கிற சுர்பி அது. இப்போது அமெரிக்க நாய்களுக்காகக் கப்பலேறுகிறது; நம் கடைகளிலும் விலையுயர்ந்த வரிசையில் தொங்குகிறது. நல்ல பண்டம், சேர்மானம் குறைவு. ஆனால் கல்லைப் போலக் கெட்டி. கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும், பதியாததைக் கொடுத்தால் கடைவாய்ப் பல் பிளக்கும் என்பது பல் பார்க்கிற கால்நடை மருத்துவர்களின் கணக்கு. மான்கொம்பும் மாட்டுக்குளம்பும் அந்தச் சோதனையில் தேறுவதில்லை.

சரி, எதைத்தான் கொடுப்பது? இதற்குப் பதில் ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சின்னது. கேரட், வெள்ளரிக்காய், வேகவைத்த பீன்ஸ், பரங்கித் துண்டு, விதை நீக்கிய ஆப்பிள் அல்லது தர்ப்பூசணி, உப்பும் மசாலாவும் சேராமல் வேகவைத்த கோழி, அவித்த முட்டையில் ஒரு வில்லை. பட்டாணி அளவு போதும். பயிற்சி கொடுக்கிறவர்கள் அந்த அளவில்தான் கொடுக்கிறார்கள். இந்தப் பட்டியலை விற்று யாரும் கம்பெனி நடத்த முடியாது. மருத்துவர்கள் இதைச் சொல்லிச் சலித்துவிட்டார்கள். கேட்பவருக்குத்தான் குறைவாகப் படுகிறது. மூன்று ரூபாய்க் கேரட்டில் அன்பு எங்கே இருக்கிறது?

எது என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் முக்கால்வாசித் தீங்கும் இருக்கிறது. நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட் போகக் கூடாது என்பது பொதுவிதி. கருத்தடை செய்த முப்பது கிலோ லாப்ரடாருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,400 கிலோகலோரி தேவை. ட்ரீட்டின் பங்கு 140. நூறு கிராமுக்குச் சுமார் 450 கிலோகலோரி உள்ள குளுக்கோஸ் பிஸ்கட் என்றால் ஆறேழு. ஐந்து கிலோ நாய்க்கு இரண்டு பிஸ்கட்டே அதிகம். ஒரு மெதுவடையில் லாப்ரடாரின் ஒருநாள் பங்கு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும், அதிலுள்ள வெங்காயத்தைக் கணக்கில் எடுக்காமலே. நூறு கிராம் கேரட்டோ நாற்பது சொச்சம்.

எனக்குத் தெரிந்த வீடொன்றில் ப்ரூனோ என்று ஒரு லாப்ரடார். மருத்துவரிடம் கூட்டிப் போனபோது எடை 42 கிலோ. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, நாள் முழுக்க நாயோடு இருப்பவர் தாத்தா.

"என்னய்யா சாப்பிடறான்?"

"ரெண்டு வேளைதான் டாக்டர். நீங்க சொன்ன தீவனம், நீங்க சொன்ன கப்பு. அதுக்கு மேல ஒரு பருக்கை கிடையாது."

"பிஸ்கட்டு?"

"பிஸ்கட்டு தருவேன். அது சாப்பாட்டுல சேராதுங்களே."

அவர் பொய் சொல்லவில்லை. பாராளுமன்றமும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருக்கிறது. காலைக் காபிக்கு இரண்டு, தபால்காரர் வந்து போனால் ஒன்று, மத்தியானம் தட்டையில் ஒரு துண்டு, சாயங்காலம் நடந்துவிட்டு வந்ததற்கு, ராத்திரி எல்லோரும் வீடு திரும்பிய சந்தோஷத்துக்கு. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சின்னது. லாப்ரடாருக்குப் பசி தீராத உடம்பு வேறு. ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாரிடம் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு பகுதி இல்லாமல் போயிருக்கிறது, அவை உணவுக்கு அதிகம் ஏங்குகின்றன என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய நாய்களிடம் அந்தக் குறை இன்னும் பெருவாரியாக இருந்தது. பண்டத்துக்காக எதையும் செய்யும் நாயே நன்றாகப் பழகுகிறது. நன்றாகப் பழகியதையே நாம் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குகிறோம். பிறகு அதன் கண்ணைப் பார்த்து, "பாவம், பசிக்குது போல" என்கிறோம்.

இந்தத் துறையில் எனக்குத் தெரிந்தவரை மிக உறுதியான ஆய்வு ஒன்றைச் செய்தது நாய்த்தீவனக் கம்பெனியான பூரினாதான். 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்வாசி குறைத்துப் போட்டார்கள். பதினாலு ஆண்டுகள் ஆயின. 2002இல் முடிவு வெளிவந்தது. குறைவாகத் தின்றவற்றின் நடுநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. சூப்பர்ஃபுட், சேர்மானம், மாத்திரை எதுவும் இல்லை. வெறுமனே குறைத்ததற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆயுள். தீவனம் விற்கிறவர்கள் இதைக் கண்டுபிடித்து, மறைக்காமல் வெளியிட்டதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். உறையின் முன்பக்கத்தில் அச்சடிக்கத்தான் அது தோதுப்படவில்லை.

அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் நாய்களை மயக்கமருந்து இல்லாமல் எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கியவர்கள். 2016இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் பதினைந்து நாய்களில் பதின்மூன்றின் மூளை, தின்பண்டம் வருகிறது என்ற குறிப்புக்கும் எஜமானரின் பாராட்டு வருகிறது என்ற குறிப்புக்கும் ஏறக்குறைய ஒரேயளவு மலர்ந்தது, அல்லது பாராட்டுக்கே கூடுதலாக. இரண்டே நாய்கள் பண்டத்தின் பக்கம். பதினைந்து என்பது சின்ன எண்ணிக்கை. கருவிக்குள் படுக்கப் பழகிய நாய்கள் எல்லா நாய்களையும் போன்றவை அல்ல. ஆனாலும் பிஸ்கட்டுக்குப் பதில் கழுத்தைச் சொறிந்துவிட்டால் நாய் ஏமாந்துபோகும் என்று நாம் நினைப்பதற்கு இந்த ஆய்வில் சான்று ஒன்றும் இல்லை. ஏமாந்துபோவது வேறு யாரோ.

ப்ரூனோவின் மருத்துவர் அனுபவசாலி. பிஸ்கட்டை நிறுத்துங்கள் என்று சொன்னால் தாத்தா தலையாட்டிவிட்டுப் போய்த் தொடர்ந்து கொடுப்பார் என்று அவருக்குத் தெரியும். அதனால் வேறு வழி சொன்னார். காலையில் அளக்கிற தீவனத்தில் ஒரு கைப்பிடியை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்; நாள் முழுக்க எத்தனை தடவை கொடுக்கத் தோன்றுகிறதோ அத்தனை தடவையும் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுங்கள். டப்பா காலியானால் கேரட். நாய்க்கு வித்தியாசம் தெரியாது, வருகிற கைதான் அதற்கு முக்கியம்.

தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது அவன் சோறுதானே டாக்டர். அதையே எடுத்துக் கொடுத்தா, நான் கொடுத்ததா ஆகுமா?"

மருத்துவர் மருந்துச் சீட்டில் மூட்டுவலி மாத்திரையை எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் எடை பார்க்க வரச் சொன்னார்.